கிரைண்டருக்குள் கிடந்த நான்கு மஞ்சள் துணிகள்

ஆபீஸ் பின்கட்டில் கிடந்த கிரைண்டரைப் போன வாரம் ஒருவழியாக ரிப்பேர் பார்க்க ஆள் கூப்பிட்டோம். நீ இருக்கும்போதே நின்றுபோனது அது. "மழைக்கு முன்னாடி இதச் சரி பண்ணிடுடி" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், நானும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரிப்பேர்காரர் மூடியைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது. காய்ந்த மாவின் புளிப்பு, எலிப் புழுக்கை, அதற்கெல்லாம் அடியில் நகரி விசைத்தறித் துணியின் கஞ்சி வாசனை. அவர் உள்ளே கையை விட்டுச் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் துணிகளை வெளியே எடுத்துப் போட்டார். நான்கு துணிகள். நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எலி இழுத்துக்கினு வந்து போட்டிருக்கும்மா" என்றார்.

நல்ல மனுஷன். எலி மேல் பழி போட எனக்கு ஒரு வழி காட்டினார். அந்தத் துணிகளைப் போட்டவள் நான். உனக்குத் தெரியாமல் போட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, தப்புத் தப்பாகத்தான் இருக்கும். நீ இருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பாய்.

நீயும் நானும் நகரியில் ஒரே தெரு, ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம். நான் ஐந்தாவதோடு நூல் சுற்றப் போனேன். நீ புத்தூரில் காலேஜ் வரைக்கும் படித்துவிட்டு, அங்கேயே அந்த இரண்டு அறைச் சங்கத்தில் உட்கார்ந்தாய். வெள்ளம் வந்தால் சோறு பொங்குவதும், வடிந்த பிறகு பாய், போர்வை கொடுப்பதும்தான் நம் சங்கத்தின் வேலை. சோறு பொங்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அன்றிலிருந்து நீ எழுதுகிறவள், நான் கிண்டுகிறவள். அண்டாவையும் கிண்டுவேன், உன்னையும் கிண்டுவேன்.

ஒரு நாள் நீ வந்து, உலகம் முழுக்க நம்மைப் போலப் பெரியதும் சிறியதுமாக உதவி செய்கிற சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன, அதில் நாமும் சேரப் போகிறோம் என்றாய். எந்தக் கட்சியோடு கூட்டணி, எத்தனை சீட்டு கொடுப்பார்கள் என்று நான் கேட்டேன். நீ சிரித்துவிட்டுக் காகிதம் எழுத உட்கார்ந்தாய். ஒன்றரை வருஷம் எழுதினாய். அவர்கள் கேட்ட கேள்விகள் எனக்கு அப்படிச் சிரிப்பாக இருந்தன. உங்களிடம் உதவி வாங்குகிறவர்கள் உங்கள் மேல் குறை சொல்ல என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டீர்களா? என் சோற்றைத் துன்னுட்டு என் மேலேயே குறை சொல்ல ஒரு பெட்டி வைக்கிறாயா என்று உன்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெட்டியில் முதல் சீட்டை நானே எழுதிப் போட்டேன். "ஆபீஸ்காரம்மா அதிகம் படித்திருக்கிறார். அதற்கு ஏதாவது செய்யவும்." அந்தச் சீட்டை நீ ஃபைலில் குத்தி வைத்தாய். இன்னும் இருக்கிறது.

சேர்ந்த பிறகு மாதம் ஒரு தடவை போனில் கூட்டம் நடக்கும். ஊறுகாய் ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்து, பட்டுப்புடவைக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "வீ ஆர் ஸ்மால், பட் வீ ஆர் நியர்" என்பாய். நாங்கள் சின்னவர்கள்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்று அர்த்தமாம். மத்தியானம் நான் கரண்டியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதை அப்படியே நடித்துக் காட்டுவேன். சாப்பிட வந்தவர்களுக்குப் புரையேறும், உனக்கும்தான். "இன்னொரு வாட்டி பண்ணுடி" என்று நீயே கேட்பாய்.

சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, அதனால் வந்த நல்லது எதுவும் என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் வடிந்து சேறு காய்ந்த பிறகுதான் நமக்குத் தார்ப்பாய் கிடைக்கும். சேர்ந்த வருஷம் ஒரு போன்தான் செய்தாய். கூட்டமைப்பில் இருக்கிற ஒரு சங்கம் சென்னையில் கிடங்கு வைத்திருந்தது, மறுநாள் காலையில் சத்தியவேடு வழியாக லாரி வந்து நின்றது. அது மட்டும் இல்லை. இரண்டு நாள் கெடாமல் இருக்கும் என் புளிசோற்றைப் பற்றி நீ அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாய், அதுவும் என் பேரைச் சொல்லி. வங்கதேசத்தில் ஆற்றோரத்தில் இதே வேலை செய்கிற சலீமா என்ற பெண், நல்லெண்ணெய்க்குப் பதில் கடுகெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டு, பேசி அனுப்பியிருந்தாள். என் பேரை அவள் "மொல்லிகா" என்றாள். நான் அதைப் பதினைந்து தடவை போட்டுக் கேட்டேன். உன்னிடம் மட்டும், கடுகெண்ணெயில் புளிசோறு செய்கிறவளோடு எனக்குப் பேச்சு இல்லை என்றேன்.

"நம்மள மாதிரி ஒருத்தி எங்கியோ கீறாடி. அவளுக்கு நடந்தத நமக்கு நடக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும்." இது நீ அடிக்கடி சொன்னது. அதற்காகத்தான் அந்தக் கூட்டமைப்பில் ஒரு பழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆவணியில், ஒவ்வொரு சங்கமும் தான் செய்த ஒரு தப்பை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். யாரும் திட்டக் கூடாது. கேட்டு, எழுதி, தங்கள் ஊரில் அது நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராக நாறுவதற்கா ஒன்றரை வருஷம் காகிதம் எழுதினாய் என்று கேட்டேன். அப்போது மட்டும் நீ சிரிக்கவில்லை.

மஞ்சள் துணியும் சலீமா சொல்லிக் கொடுத்ததுதான். நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேட்காதவர் இருக்கிற வீட்டு வாசலில், அவர்களைக் கேட்டுவிட்டு, மழைக்கு முன்பே ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் டிராக்டரும் படகும் முதலில் அந்த வாசலுக்குப் போகும். நீ நகரிக்குப் போய்த் தறிக்காரரிடம் சொல்லித் துணி நெய்து வாங்கி வந்தாய். வீட்டுக்கு ஒன்று என்று கணக்காக வெட்டினாய். ஏரிக்கரைக் காலனியை என்னிடம் கொடுத்தாய்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. மூன்று தெருவில் ஒழுங்காகத்தான் கட்டினேன். கடைசி வரிசைக்குப் போகும் முன் டீக்கடையில் உட்கார்ந்தேன். இது என்னம்மா துணி என்று கேட்டார்கள். எனக்கு அது போதாதா? ஒரு துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, டீ கிளாஸைப் பிடித்து, "வீ ஆர் ஸ்மால்" என்று ஆரம்பித்தேன். கடையில் இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இன்னொரு தடவை என்றார்கள், செய்தேன். புத்தூர் பஸ் வந்துவிட்டது. கையில் நான்கு துணி மீதி. கடைசி வரிசைதானே, நாளைக்கு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன்.

ஆபீசுக்கு வந்தபோது நீ போனில் இருந்தாய். என்னைப் பார்த்து ஆச்சா என்பது போலப் புருவத்தைத் தூக்கினாய். நான் தலையை ஆட்டிவிட்டேன். துணிகள் கையில் இருந்தால் தெரிந்துவிடுமே என்று ஓடாத கிரைண்டருக்குள் போட்டு மூடினேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நான்காம் நாள் விடியும் வேளையில், இரவெல்லாம் கொட்டிய மழையில் ஏரிக்கரை உடைந்தது.

ஊர்ச் சர்க்கார் ஆபீஸான சச்சிவாலயத்துப் பிள்ளைகள் மைக்கில் கத்திக்கொண்டே வந்தார்கள். தெரு காலியானது. மஞ்சள் துணி இருந்த வாசலிலெல்லாம் இறங்கித் தூக்கினார்கள், ஒருத்தரும் விடுபடவில்லை. கடைசி வரிசையில் துணி இல்லை. மூன்று வீட்டுக்காரர்களை அக்கம்பக்கத்தார் தூக்கி வந்துவிட்டார்கள். நான்காவது வீடு சுகுணாவுடையது. முப்பது வயதுத் தையல்காரி, பிறவியிலிருந்து காது கேட்காது, பேச்சும் கிடையாது. நகரியில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். தண்ணீர் பாயை நனைத்த பிறகுதான் அவளுக்கு விழிப்பு வந்திருக்கிறது. தையல் மிஷின் மேல் ஏறி நின்றிருக்கிறாள். சுவர் ஒரு பக்கம் சரிந்து வலது கணுக்கால் மேல் விழுந்தது. அவளை வெளியே எடுக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த எல்லா எலும்புக் கட்டுக்காரரிடமும் காட்டினோம். அந்த அளவுக்கு நசுங்கியிருந்த கால் பிழைத்ததே பெரிது என்றார்கள். நடக்கிறாள். ஆனால் மிஷின் மிதிக்க அந்தப் பாதம் மடங்குவதில்லை. நீதான் மோட்டார் வாங்கிப் பொருத்திக் கொடுத்தாய்.

பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாய். புடவை முழங்கால் வரை சேறு. மெதுவாகத்தான் கேட்டாய்.

"ஏன்டி, கடைசி வரிசையில கட்டினியா?"

"கட்டினேன்டி. தண்ணிதான் அவுத்துக்கினு போயிருக்கும். அதுக்கும் மஞ்ச கலரு புடிச்சிருக்கும் போல கீது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தனை களைப்பிலும் உன் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்துபோனது. என்னை நம்பியதால் வந்த சிரிப்பு அது. இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டாய். முடிச்சு அவிழ்ந்தது என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் தேடிப் பார்த்தேன்.

அடுத்த ஆவணிக் கூட்டத்தில் நீ அதைத்தான் நம் சங்கத்தின் தப்பாகச் சொன்னாய். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். போனுக்குள் அத்தனை ஊர் முகங்கள் குனிந்து எழுதின. முடிந்ததும் நீ எனக்குத் தமிழில் சொன்னாய். "உன் பேரச் சொல்லலடி. முடிச்சு எப்படிப் போடணும்னு கத்துக் குடுக்காம அனுப்பினது என் தப்பு. அதத்தான் சொன்னேன்."

அதோடு முடிந்திருந்தால் நம் இரண்டு பேருக்குள் கிடந்திருக்கும். ஆனால் நீ சேர்த்துவிட்ட கூட்டமைப்பு அப்படிப்பட்டது இல்லையே. அங்கே ஒருத்தி சொன்னால் பத்து ஊரில் கேட்பார்கள். சில வாரத்தில் உன் போனுக்குப் படங்கள் வந்தன. சலீமாவின் ஊரில் பெண்கள் துணிக்கு மேல் கம்பி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு தீவில் துணியே வேண்டாம் என்று கதவில் மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நேபாளத்தில் ஆணி. நீ ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாய். "பாருடி, நம்ம தப்பு எத்தினி ஊருக்கு ஒதவுது." நம்முடைய தப்புகூட ஃபாரின் ரகம்தான் என்று நான் சொன்னேன். நீ என் தோளில் அடித்துச் சிரித்தாய்.

போடாத முடிச்சுக்காக அத்தனை ஊர்ப் பெண்கள் கம்பி வளைத்தார்கள். கட்டினேன் என்று சொல்கிறவள் கட்டினாளா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய பாடம். அது ஒருத்தரையும் போய்ச் சேரவில்லை. நல்லதைக் கொண்டுபோவதற்காக நீ போட்ட பாதையில் என் பொய்யை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது புளிசோறு கொண்டுவந்தேன். நீ ஒரு பருக்கையை நாக்கில் வைத்துவிட்டு, உப்புக் குறைச்சல் என்று பொய் சொன்னாய். என்னைப் பேச வைக்கத்தான். இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் அந்தப் படிக்கட்டு முழுக்க ஏறி வந்திருந்தேன். அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். "இந்த வருசம் கம்பி முனைய உள்பக்கமா மடக்கச் சொல்லு. புள்ளைங்க கைய கிழிச்சிக்கும்." சரி என்றேன். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு, இல்லாத ஒரு முடிச்சுக்காகச் சரி என்றேன்.

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், பெரிய மனசால் சொல்லாமல் விட்டாய் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அப்படி இல்லை. தெரிந்திருந்தால் நீ என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாய். சாம்பாரில் ஒரு கல் இருந்ததற்கே அரை நாள் திட்டியவள் நீ. ஆகவே உனக்குத் தெரியாது. என்னை நம்பிக்கொண்டே போய்விட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிரைண்டரிலிருந்து துணி வந்த அன்று, இப்போது உன் நாற்காலியில் இருக்கிற நிர்மலா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இது எந்த வருஷத்துத் துணி என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். இந்த வாரம்தான் ஆவணிக் கூட்டம், நீங்களே பேசுங்கள் அத்தை, ஆனால் அதற்கு முன் போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது என்றாள்.

சுகுணா வாசலில் நான் போய் நின்றபோது அவள் மோட்டார் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான் போனால் தொப்பையைத் தட்டிக் காட்டிக் கேலி செய்வேன், அவளும் பதிலுக்குச் செய்வாள். அன்றும் சிரித்தாள். நான் நான்கு துணிகளையும் மேஜை மேல் வைத்தேன். கதவைக் காட்டினேன். என்னைக் காட்டினேன். கட்டுவது போல் கையை ஆட்டி, இல்லை என்று தலையை அசைத்தேன். அவளுக்குப் புரிய நேரமே ஆகவில்லை. சிரிப்பு நின்றது. குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், நான் கண்ணை எடுக்கும் வரை பார்த்தாள்.

ஒரு துணியை எடுத்து என் கையில் திணித்து, ஜன்னல் கம்பியைக் காட்டினாள். கட்டினேன். சாதாரண முடிச்சுதான் போட்டேன். அவள் நொண்டிக்கொண்டே வந்து, துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு காலை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். ஜன்னல் சட்டம் கிறீச்சிட்டது. முடிச்சு அவிழவில்லை. அதை எனக்குக் கையால் காட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போது அவள் தலை நிமிரவில்லை.

கூட்டத்தன்று போனை அதே ஊறுகாய் ஜாடி மேல்தான் சாய்த்தோம். நான் தமிழில் பேசினேன், நிர்மலா மாற்றிச் சொன்னாள். முடிச்சு அவிழவில்லை, நான் கட்டவே இல்லை, எங்கள் ஆபீஸ்காரம்மா உங்களிடம் சொன்னது அவளுடைய தப்பு இல்லை, என் பொய் என்றேன். சுகுணா வீட்டில் நடந்ததையும் சொன்னேன். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சலீமா, இரண்டு மழைக்காலம் கம்பி கட்டிக் கை கிழிந்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். மொல்லிகா என்று என்னைக் கூப்பிடவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டாள். அந்தத் தையல்காரப் பெண் துணியை இழுத்துப் பார்த்தாள் என்றீர்களே, அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?

சொன்னேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். இனிமேல் கட்டுகிறவள் சொன்னால் போதாது, அந்த வீட்டில் இருக்கிறவரே துணியை இழுத்துப் பார்த்து ஆச்சு என்று சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அது சுகுணா பேரில் போகட்டும் என்று நிர்மலா கேட்டாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சுகுணாவைக் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்ல வைத்தேன். அதுவாவது உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

மீதி மூன்றில் இரண்டைக் கடைசி வரிசையில் கட்டிவிட்டேன். இழுத்துப் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்காரர் போன பங்குனியில் தவறிவிட்டார். அவருடைய துணி என் பர்ஸில் இருக்கிறது. பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கும்போதெல்லாம் கஞ்சி வாசனை அடிக்கிறது.

இனிமேல் யாரையும் கேலி செய்ய மாட்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நேற்றுகூட ரிப்பேர்காரரைப் படுத்தி எடுத்தேன். ஆனால் யாராவது ஆச்சா என்று கேட்டால், முதலில் ஆச்சு என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். கிரைண்டர் ஓடுகிறது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சேறு படிந்த புடவையோடு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஒன்று கேட்டாயே, கடைசி வரிசையில் கட்டினாயா என்று.

இல்லடி. கட்டல.